புறக்கோட்டையில் வாங்கிய கணித மணிக்கூடு: பொருள் நன்று, விடைநூல் பிழை

கொழும்பு புறக்கோட்டையில், பிரதான வீதியிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில் உள்ள கற்பித்தல் உபகரணக் கடையில், சென்ற தை மாதம் 5,800 ரூபா கொடுத்து வாங்கிய மரப் பயிற்சி மணிக்கூடு ஒன்றைப் பற்றியது இம்மதிப்புரை. வெள்ளவத்தையில் வீட்டோடு ஒட்டிய அறையில் சாதாரணதர, உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் கற்பிப்பது என் தொழில் என்பதால், இந்த மணிக்கூடு ஆறு மாதங்களாக ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் எவராவது ஒரு பிள்ளையின் கையில் சுழன்றிருக்கிறது. ஒரு தரம் மேசையிலிருந்து விழுந்தும் இருக்கிறது. மணிக்கூட்டைத் தயங்காமல் வாங்கலாம். அதனோடு சேர்த்துத் தரும் புதிர்க் கைநூலின் விடைப் பக்கங்களை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

இதற்கு முன் என்னிடம் இருந்தது மட்டையில் செய்த மணிக்கூடு. நடுவில் ஒரு பித்தளைக் குமிழ் ஆணி, அதில் கோத்த இரண்டு முட்கள், அவ்வளவுதான். இரண்டும் தனித்தனியே சுழலும். நேரம் பார்க்கப் பழகும் சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும் என்று நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஆனால் அந்த மட்டையில் மூன்றரை மணி காட்டச் சொன்னால், பத்தில் எட்டுப் பிள்ளைகள் மணிமுள்ளை நேராக 3 இல் வைத்துவிட்டு நிமிடமுள்ளை மட்டும் 6 க்கு நகர்த்துவார்கள். அதே பிள்ளைகள் தரம் 10 க்கு வந்து, மூன்றேகால் மணிக்கு முட்களுக்கிடையிலான கோணம் எவ்வளவு என்று கேட்டால் பூச்சியம் என்று எழுதுவார்கள். உண்மையில் அந்த நேரத்தில் மணிமுள் 3 ஐத் தாண்டி ஏழரைப் பாகை சென்றிருக்கும். கோணப் பிழையை நான் கரும்பலகையில் திருத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பிழையைக் கற்பித்ததே என் மேசையில் இருந்த மட்டை என்பது பிந்தித்தான் விளங்கியது.

புதிய மணிக்கூட்டில் அது நடக்காது, ஏனெனில் இதில் மணிமுள்ளைத் தனியே நகர்த்தவே முடியாது. 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டப் பலகை. நிமிடக் கோடுகளுக்கு வெளியே 0 முதல் 360 வரை பாகைகள் குறித்த வளையம். பின்புறத்தில் நிமிடமுள்ளின் அச்சோடு இணைந்த கைப்பிடி. மணிமுள் 9 சென்ரிமீற்றர், நிமிடமுள் 12 சென்ரிமீற்றர் நீளம். இரண்டும் கூரிய முனையோடு முடிகின்றன. முனைகளில் ஊசி நுழையுமளவு துளையும் இருக்கிறது. இந்த இரண்டு நீளங்களையும் வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும், பின்னால் அவற்றைக் கொண்டுதான் முக்கியமான கணக்கு.

பின்பக்கம் ஒளிபுகும் தகட்டால் மூடியிருப்பது இதன் சிறப்பு. வாங்கிய அன்றிரவே பற்களை எண்ணிப் பார்த்தேன். நிமிடமுள்ளின் அச்சில் 10 பற்கள் கொண்ட சிறு சில்லு. அது பக்கத்தில் உள்ள 30 பற்கள் கொண்ட சில்லைத் திருப்புகிறது. அந்தச் சில்லின் முதுகில் ஒட்டியிருக்கும் 8 பற்கள் கொண்ட இன்னொரு சிறு சில்லு, மணிமுள்ளைத் தாங்கும் 32 பற்கள் கொண்ட சில்லைத் திருப்புகிறது. முதல் சோடியில் வேகம் மூன்றில் ஒன்றாகிறது, இரண்டாம் சோடியில் நான்கில் ஒன்றாகிறது, ஆக மொத்தம் பன்னிரண்டில் ஒன்று. ஒரே சோடியால் இதைச் செய்திருந்தால் மணிமுள் எதிர்த்திசையில் சுழன்றிருக்கும். இரண்டு சோடி இருப்பதால் திசை மீண்டும் நேராகிறது. 10 உம் 30 உம் 40, 8 உம் 32 உம் அதே 40. ஒரே அச்சிலிருந்து புறப்பட்டு அதே அச்சுக்குத் திரும்ப வேண்டிய இரு சோடிகளும், பல்லின் அளவு ஒன்றாக இருக்கையில், ஒரே தூரத்தைக் கடக்க வேண்டும் என்பதால் அந்தக் கூட்டுத்தொகை சமமாகத்தான் இருக்க வேண்டும். இதைச் செய்தவர் எவரோ, வேலை தெரிந்தவர். 1996 இல் நாடு முழுவதும் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளச் சொன்னபோது, நிமிடமுள்ளை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற மணிமுள் தானாகவே ஓர் எண்ணைக் கடந்து சென்றதை வீட்டுச் சுவர் மணிக்கூட்டில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அன்று அதற்குள் இருந்த சில்லுகளை நான் பார்த்திருக்கவில்லை.

கைநூல் 24 பக்கங்கள். முதல் புதிர் எல்லோருக்கும் தெரிந்தது: இரண்டு முட்களும் ஒரு நாளில் எத்தனை தடவை ஒன்றன்மேல் ஒன்று வரும்? விடைப் பக்கத்தில் 24 என்று அச்சிட்டிருக்கிறார்கள். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே எண்ணிய தரம் 8 மாணவன், பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பதினொன்றுதான் வருகிறது என்று இரண்டு முறை எண்ணிச் சொன்னான். அவன் சொன்னதே சரி. நிமிடமுள் நிமிடத்துக்கு 6 பாகை, மணிமுள் அரைப் பாகை. ஒன்றையொன்று துரத்தும் வேகம் ஐந்தரைப் பாகை. ஒரு முழுச் சுற்றை வென்று மீண்டும் பிடிக்க 360 ஐ ஐந்தரையால் வகுத்த அளவு நிமிடங்கள் வேண்டும், அதாவது 65 நிமிடம் 27 செக்கனுக்குச் சற்று மேல். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் முட்கள் சந்திப்பதே இல்லை. அந்தச் சந்திப்பு சரியாகப் பன்னிரண்டில் விழுகிறது. ஆகவே ஒரு நாளுக்கு 22. இதை அச்சுப்பிழை என்று நினைத்துப் பென்சிலால் திருத்திவிட்டு அப்பால் சென்றேன்.

ஒன்பதாம் புதிரில்தான் கைநூல் என்னை நிறுத்தியது. பன்னிரண்டு மணிக்கு முட்கள் ஒன்றாக இருக்கையில் அவற்றின் முனைகளுக்கிடையே 3 சென்ரிமீற்றர் இடைவெளிதான். பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போய், முட்கள் நேரெதிராக நிற்கும்போது 21 சென்ரிமீற்றர் ஆகிறது. இந்த வளர்ச்சி எந்தக் கணத்தில் மிக விரைவாக இருக்கும் என்பது கேள்வி. விடைப் பக்கம் இரண்டு வரியில் முடித்துவிடுகிறது: முட்கள் செங்கோணத்தில் நிற்கும்போது, அதாவது 12 மணி 16 நிமிடம் 22 செக்கன் அளவில்.

கேட்டவுடன் நம்பத்தோன்றும் விடைதான். நானும் முதலில் தலையாட்டினேன். கேத்திரகணிதத்தில் எதையும் உச்சமாக்கச் சொன்னால் மனம் தானாகச் செங்கோணத்தைத் தேடிப் போகும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. ஆனால் கையில் அளக்கத்தக்க பொருள் இருக்கும்போது அளக்காமல் விடுவது அழகல்ல என்பதால், அடுத்த சனிக்கிழமை தரம் 11 பிள்ளைகள் நால்வரை மேசையைச் சுற்றி உட்காரவைத்து அளக்கச் சொன்னேன்.

முதல் நாள் அளவீடுகள் முழுவதும் வீணாயின. அதற்கும் கைநூலே காரணம். முட்களின் முனைத் துளைகளில், பெட்டியோடு வரும் இறப்பர் இழையைக் கோத்துவிட்டால் இடைவெளி கண்ணுக்குத் தெரியும் என்று அது அறிவுரை கூறுகிறது. தெரிவது உண்மைதான். ஆனால் இழை நீள நீள மணிமுள்ளை நிமிடமுள்ளின் பக்கம் இழுக்கிறது. பற்களுக்கிடையே சிறு தளர்வு இருப்பதால் மணிமுள்ளும் இழுத்த பக்கம் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை சாய்ந்து கொடுக்கிறது. 9 சென்ரிமீற்றர் முள்ளின் முனையில் அந்தச் சாய்வு 2 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். எண்கள் முன்னுக்குப்பின் முரணாக வந்ததைக் கண்டு, அளந்த மாணவியைக் கவனமில்லாமல் வாசிக்கிறாய் என்று கடிந்துகொண்டேன். பிழை அவள் கண்ணில் இல்லை, இழையில் இருந்தது என்று இரவு தனியே இருந்து பார்த்தபோது தெரிந்தது. மறுநாள் வகுப்பின் முன் அவளிடம் அதைச் சொன்னேன்.

இழையைக் கழற்றி எறிந்துவிட்டு, கவராயத்தின் இரு முனைகளையும் முட்களின் முனைகளில் வைத்துத் தூரத்தை அளவுகோலுக்கு மாற்றி, கைப்பிடியை ஒரே திசையில் மட்டும் சுழற்றி மீண்டும் அளந்தோம். 12 மணிக்கு 30 மில்லிமீற்றர். 12 மணி 5 நிமிடத்துக்கு 58. பத்து நிமிடத்துக்கு 101. பதினைந்துக்கு 140. இருபதுக்கு 173. ஒவ்வோர் ஐந்து நிமிடத்திலும் கூடிய அளவைப் பிள்ளைகள் பக்கத்தில் எழுதினார்கள்: 28, 43, 39, 33. உச்சம் செங்கோணத்தில் என்றால் 12 மணி 15 க்கும் 20 க்கும் இடைப்பட்ட பாய்ச்சலே பெரிதாக இருக்க வேண்டும். அதுவோ 33. பெரிய பாய்ச்சல் ஐந்துக்கும் பத்துக்கும் இடையில் நிற்கிறது. கைநூலின் விடை அந்தக் கணமே விழுந்துவிட்டது.

சரியான கணத்தை அளவுகோலாலேயே பிடித்துவிடலாம் என்று பிள்ளைகள் நிமிடத்துக்கு நிமிடம் அளக்கப் புறப்பட்டார்கள். அது கைகூடவில்லை, கைகூடவும் மாட்டாது. ஆறாம் நிமிடத்திலிருந்து ஒன்பதாம் நிமிடம் வரை ஒவ்வொரு நிமிடமும் இடைவெளி எட்டரை மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகவே கூடிச்செல்கிறது. வேறுபாடு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை. ஓர் உச்சத்தின் அருகில் எந்த வளைவும் தட்டையாகத்தான் இருக்கும் என்று உயர்தர வகுப்பில் வகையீட்டை, அதாவது ஒன்று மாறும் வேகத்தைக் கணிக்கும் முறையை, தொடங்கும்போது சொல்வேன். அதை ஒரு கவராயம் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் காட்டியதை நான் இதற்கு முன் கண்டதில்லை.

விடையைத் தந்தவள் நான் கடிந்துகொண்ட அதே மாணவி. “சேர், நிமிடமுள் அசையாம நிக்கிற மாதிரிப் பலகையைச் சுத்திக்கொண்டு பாத்தா என்ன?” என்றாள். ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, இன்னொருவர் நிமிடமுள் எப்போதும் யன்னலையே நோக்கி நிற்கும்படி பலகை முழுவதையும் எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே வந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு இப்போது நிமிடமுள் அசையவில்லை. மணிமுள் மட்டும் பின்னோக்கிச் சுழன்றது. அதன் முனை 9 சென்ரிமீற்றர் ஆரையுள்ள சிறு வட்டத்தில் மாறாத வேகத்தோடு நடந்தது: 56 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலான பரிதியை 65 நிமிடம் 27 செக்கனில் சுற்றி முடிக்கும் வேகம், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மில்லிமீற்றர்.

இனிக் கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. வட்டப் பாதையில் ஒரே வேகத்தில் நடக்கும் ஒருவர், பாதைக்கு வெளியே நிற்கும் ஒரு கம்பத்திலிருந்து எப்போது மிக விரைவாக விலகுவார்? கம்பத்துக்கு நேர் எதிராக முதுகைக் காட்டி நடக்கும் கணத்தில்தான். அந்தக் கணத்தில் அவர் நடக்கும் வேகம் முழுவதும் விலகும் வேகமாகிறது. மற்றக் கணங்களில் அதன் ஒரு பகுதி பக்கவாட்டில் வீணாகிறது. பன்னிரண்டு மணிக்கு அவர் கம்பத்துக்குக் குறுக்காக நடக்கிறார், ஆகவே முதல் நிமிடத்தில் இடைவெளி ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்றுமேல்தான் கூடுகிறது. கம்பத்துக்கு நேர் எதிராக நடப்பது என்றால், கம்பத்திலிருந்து அவரிடம் வரும் கோடு அவருடைய வட்டத்துக்குத் தொடலியாக, அதாவது வட்டத்தை ஒரே புள்ளியில் தொட்டுச் செல்லும் கோடாக, அமைய வேண்டும். தொடலி ஆரைக்குச் செங்குத்து என்பது தரம் 11 பாடம்.

ஆகவே செங்கோணம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் மணிக்கூட்டின் மையத்தில் இல்லை. மணிமுள்ளின் முனையில் இருக்கிறது. நிமிடமுள் செங்கோண முக்கோணியின் செம்பக்கமாக, அதாவது செங்கோணத்துக்கு எதிரான பக்கமாக, ஆகிறது. 12 இன் வர்க்கம் 144, 9 இன் வர்க்கம் 81, வித்தியாசம் 63, அதன் வர்க்கமூலம் 7.94. முனைகளுக்கிடையே 7.94 சென்ரிமீற்றர் இருக்கும் கணமே விடை. அப்போது முட்களுக்கிடையிலான கோணத்தின் கோசைன், அதாவது 9 ஐ 12 ஆல் வகுத்த அளவு, முக்கால், கோணம் 41.4 பாகை, நேரம் 12 மணி 7 நிமிடம் 32 செக்கன். ஒவ்வொரு சந்திப்புக்கும் 7 நிமிடம் 32 செக்கனுக்குப் பின் முனைகள் மிக விரைவாக விலகுகின்றன. அடுத்த சந்திப்புக்கு அதே அளவு முன்னதாக மிக விரைவாக நெருங்குகின்றன. வகையீடு ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகள் கோசைன் விதியிலிருந்து வகையிட்டு அரைப் பக்கத்தில் அதே விடைக்கு வந்தார்கள். வந்த பிறகு, தம்பி தங்கைகள் பலகையைத் திருப்பிக் கண்டுபிடித்ததைக் கண்டு சற்றுக் கூச்சப்பட்டதும் உண்டு.

இந்தப் புதிர் புதிதன்று. அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழக மாணவர்களுக்கான புட்னம் கணிதப் போட்டியில் 1983 ஆம் ஆண்டு, 3 உம் 4 உம் அலகு நீளமுள்ள முட்களைக் கொண்டு இதையே கேட்டிருந்தார்கள். விடை 7 இன் வர்க்கமூலம். என் மணிக்கூட்டின் 9 உம் 12 உம் அதே விகிதம். 63 இன் வர்க்கமூலம் 7 இன் வர்க்கமூலத்தின் மும்மடங்குதான். செய்தவர் அதை அறிந்துதான் முட்களை வெட்டினாரா, தற்செயலாக அமைந்ததா என்று கேட்க வழியில்லை. அறிந்து வெட்டியிருந்தால், கைநூல் எழுதியவரும் பலகை வெட்டியவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை என்பது நிச்சயம். கைநூலின் பிழை எங்கிருந்து வந்தது என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. மையத்தையும் இரு முனைகளையும் இணைத்தால் வரும் முக்கோணியின் பரப்பளவு உச்சமாவது முட்கள் செங்கோணத்தில் நிற்கும்போதுதான். அப்போது அது 54 சதுர சென்ரிமீற்றர். பரப்பளவுக் கேள்வியின் விடை வேகக் கேள்வியின் கீழ் அச்சாகியிருக்கிறது.

விடை முட்களின் விகிதத்தை மட்டுமே சார்ந்தது, அளவைச் சார்ந்ததல்ல என்பதால், இந்தக் கணக்கைச் செய்ய இந்த மணிக்கூடே வேண்டும் என்பதும் இல்லை. புறக்கோட்டைக்குள் நுழையும் இடத்தில் 1923 ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரமோ, கோட்டையில் 1857 இல் மணிக்கூட்டுக் கோபுரமாக எழுந்து பின்னர் 1867 இலிருந்து 1952 வரை கலங்கரை விளக்கமாகவும் வேலைபார்த்த கோபுரமோ, எதன் முட்களையும் ஒரு படத்தில் அளந்து ஒன்றை மற்றதால் வகுத்தால் போதும். பிள்ளைகளுக்கு அதை வீட்டுவேலையாகக் கொடுத்தேன். தெருவிலிருந்து அண்ணாந்து எடுத்த படத்தில் வட்டம் நீள்வட்டமாகச் சப்பிவிடுகிறது. நிலைக்குத்தாக நிற்கும் முள் குறுகிவிடுகிறது, கிடையாக நிற்கும் முள் குறுகுவதில்லை. ஆகையால் அவர்கள் கொண்டுவந்த விகிதங்கள் ஆளுக்கொன்றாக இருந்தன. எட்ட நின்று படம் எடுத்தவனுடைய விகிதமே நம்பத்தக்கதாக இருந்தது.

கைநூலின் மற்றப் புதிர்களில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். இரு முட்களும் ஒரே நீளமாக இருந்து, எது மணிமுள் எது நிமிடமுள் என்று தெரியாவிட்டால், நேரத்தைத் தவறாக வாசிக்கக்கூடிய கணங்கள் எத்தனை? ஐன்ஸ்டைன் நோயுற்றுப் படுத்திருந்தபோது அவருடைய நண்பர் மோஸ்கோவ்ஸ்கி பொழுதுபோக்காகக் கேட்டது என்று கணித உலகில் வழங்கும் கேள்வி இது. முட்கள் இடம் மாறினாலும் செல்லுபடியாகும் நிலைகள் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு 143, அவற்றுள் 11 இல் முட்கள் ஒன்றன்மேல் ஒன்று இருப்பதால் குழப்பமே இல்லை, எஞ்சியவை 132. கைநூலும் 132 என்றே சொல்கிறது, அதற்கு நன்றி. ஆனால் இதைச் செய்துபார்க்கச் சம நீளமான மூன்றாம் முள் ஒன்று பெட்டியில் இல்லை. தும்புத்தடிக்குப் பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, 12 சென்ரிமீற்றருக்கு வெட்டி, மணிமுள்ளின் மேல் நூலால் கட்டிச் சமாளித்தோம். 12 மணி 5 நிமிடம் 2 செக்கனில் கைப்பிடியை நிறுத்தி, பார்க்காமல் இருந்த பிள்ளையிடம் நேரம் கேட்டேன். அவன் 1 மணி 25 செக்கன் அளவு என்று வாசித்தான். இரண்டும் சரி. ஈர்க்கு கட்டிய அந்த மணிக்கூட்டைப் பார்க்க வேறு வகுப்புப் பிள்ளைகளும் வந்தார்கள்.

இனிக் குறைகள். பற்களுக்கிடையிலான தளர்வைச் சொல்லிவிட்டேன். மணிமுள்ளில் ஒன்றரைப் பாகை என்பது மூன்று நிமிடத்துக்குச் சமன் என்பதால் சிறிய விடயம் அல்ல. கைப்பிடியை ஒரே திசையில் மட்டும் சுழற்றினால் தளர்வு எப்போதும் ஒரே பக்கம் நின்று, பிழையும் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. செக்கன் முள் கிடையாது. ஆகவே மூன்று முட்களும் வட்டத்தைச் சரிசமமாக மூன்றாகப் பிரிக்கும் கணம் உண்டா என்ற அழகான கேள்வியைச் செய்துகாட்ட வழியில்லை. அப்படியொரு கணம் இல்லை என்பதைத் தாளில்தான் நிறுவ வேண்டியிருக்கிறது. மணிமுள்ளும் நிமிடமுள்ளும் 120 பாகையில் நிற்கும் ஒவ்வொரு கணத்திலும் நிமிடமுள்ளிலிருந்து செக்கன் முள்ளின் இடைவெளி, சுற்றின் பதினொன்றில் இத்தனை பங்கு என்றே அமையும். பதினொன்றின் பங்கு எதுவும் மூன்றில் ஒன்றாகாது.

பலகை எம்.டி.எப்., அதாவது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த வகை. கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் அறையின் உப்புக்காற்றில் அதன் வெட்டு விளிம்பு மூன்றாம் மாதத்தில் ஊதத் தொடங்கியது, திருகாணிகளில் துரு. விளிம்புக்கு வார்னிஷ் இரண்டு பூச்சுப் பூசிய பிறகு ஊதல் நின்றிருக்கிறது. கொழும்பில் வாங்குபவர்கள் இதை முதல் வாரத்திலேயே செய்துவிடுவது நல்லது. மேசையிலிருந்து விழுந்ததில் கைப்பிடி மட்டும் சற்று வளைந்தது, சில்லுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முதலில் எடுத்துத் தந்த மணிக்கூட்டில் மணிமுள் தன் சில்லில் சறுக்கியிருந்தது. நிமிடமுள் 12 இல் நிற்கையில் மணிமுள் எண்ணுக்கு அரை விரற்கடை தள்ளி நின்றது. கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் மேல்தட்டிலிருந்து இன்னொன்றை இறக்கி, தானே பின்தகட்டைக் கழற்றிக் காட்டினார். இரண்டு வாரம் கழித்து 100 ஆம் இலக்கப் பேருந்தில் மீண்டும் போய், கைநூலின் முதலாம், ஒன்பதாம் விடைகள் பிழை என்று காட்டினேன். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, “நாங்க அச்சடிக்கிறல்ல மாஸ்டர், பெட்டியோட வாறது. கிழிச்சிட்டுக் குடுக்கவா?” என்று கேட்டார். “கிழிக்க வேணாம் நானா, கேள்விகள் நல்லது” என்றேன். அவர் கேட்டதன்பேரில் சரியான விடைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சித்திரையில் இன்னொரு மணிக்கூடு வாங்கப் போன என் நண்பருக்கு அந்தத் தாளின் போட்டோப் பிரதியையும் மடித்துப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார். விலையில் 300 ரூபா குறைத்தும் இருக்கிறார், எனக்கு அது நடக்கவில்லை.

வாங்கப் போகிறவர்கள் பணத்தைக் கொடுக்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்துகொள்ள வேண்டும். இரு முட்களையும் பன்னிரண்டில் சேர்த்து, கைப்பிடியை ஒரே திசையில் பன்னிரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். பன்னிரண்டாம் சுற்று முடியும்போது இரு முட்களும் ஒரே கோட்டில் வந்து நிற்க வேண்டும். அதற்குமுன் முட்கள் ஒன்றையொன்று கடந்ததைப் பத்துத் தடவை எண்ணியிருக்க வேண்டும். மணிமுள் பிந்தியோ முந்தியோ நின்றால் அது சில்லில் சறுக்குகிறது என்று பொருள்; மேல்தட்டிலிருந்து வேறொன்றை இறக்கச் சொல்லுங்கள்.